உடைமைப் பதிவேட்டில் ஒரு கேலிப்பர்: வடசென்னை நல அலுவலர் ஒருவரின் பணிக்காலம்

‘இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் – 1, மரக்கட்டை – 1.’

ஒரு சிறை வாசலில், புதிதாக வந்த விசாரணைக் கைதிகளிடம் வாங்கி வைத்த பொருட்களை எழுதும் பதிவேட்டில் இருந்த வரி இது. மேலே ஒருவருக்கு பெல்ட், செல்போன், எழுபது ரூபாய். கீழே ஒருவருக்கு வெள்ளி அரைஞாண். நடுவில் இந்தப் பூட்ஸ். எழுதிய வார்டருக்கு அது இரும்பாகத் தெரிந்தது. வாசலில் இரும்பை உள்ளே விடக்கூடாது, எடுத்து வைத்தார். அதன் மேல் அவருக்கு எந்த வன்மமும் இல்லை.

நான்கு நாள் கழித்து அந்தப் பதிவேட்டைப் புரட்டிய நல அலுவலருக்கு அந்த வரியில் வேறொன்று தெரிந்தது. போலியோவில் சூம்பிய காலுக்குப் போடும் கேலிப்பர் அது. இருபது வருடமாக முகாம்களில் பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் காலை நீட்ட வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அளவெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். பதிவேட்டை மூடிவிட்டு, அந்த பூட்ஸுக்குச் சொந்தக்காரர் எந்த பிளாக்கில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார்.

அவருடைய 32 வருட அரசுப் பணியில் நான் எடுத்துப் பேச விரும்பும் இடம் இதுதான். மாற்றுத்திறனாளிகள் துறையில் கற்றது சிறைக்குள் எப்படிப் பயன்பட்டது, சிறையில் கண்டது அவருடைய பழைய வேலையைப் பற்றி அவருக்கே என்ன சொல்லிக்கொடுத்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

அவர் பெயரை எழுதவில்லை. இரண்டு துறைகளிலும் அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். சிறைகளின் பெயரும் இல்லை. சில ஆண்டுகளை வேண்டுமென்றே மங்கலாக விட்டிருக்கிறேன். வியாசர்பாடியில் நான் மறுவாழ்வுப் பணியாளராக இருந்த காலத்திலிருந்து அவரை எனக்குத் தெரியும். முகாம்களில் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். பின்னாளில் சட்ட உதவித் தன்னார்வலராகச் சிறைக்குள் போய்வந்தபோது அங்கேயும் அவரைப் பார்த்தேன். தன் டைரிகளை எனக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “நான் தப்பு பண்ண எடத்தையும் எழுதணும். இல்லன்னா டைரிய திருப்பிக் குடுத்துடுங்க.”

பழைய ஜெயில் ரோடு

பிறந்தது பழைய வண்ணாரப்பேட்டை. பள்ளிக்கூடம் போகிற வழி பழைய ஜெயில் ரோடு. அந்தச் சாலையில்தான் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. எங்கள் பாட்டிமார்கள் கடைசிவரை ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொன்னார்கள். சாலைக்கு அந்தப் பெயரைத் தந்த பழைய சிறையின் வளாகத்தில் இப்போது பாரதி மகளிர் கல்லூரி. வடசென்னையில் நோயாளியும் ஏழையும் கைதியும் ரொம்ப நாளாகவே ஒரே தெருவில் இருந்தவர்கள். இதை நான் சொன்னபோது அவர் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை எடுத்துக் காட்டினார். மாநிலப் பட்டியலில் சிறைகள் 4ஆவது; ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதோருக்கும் உதவுவது 9ஆவது. நடுவில் உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், புனிதப் பயணம், மது என்று நான்கு வரிகள். “இந்த நாலு வரியத் தாண்ட எனக்கு இருபது வருஷம் ஆச்சு” என்றார்.

1987இல் சமூக நலத்துறையில் சேர்ந்தார். ஊனமுற்றோர் பணிகள் தனித் துறையானபோது அதற்குப் போனார். கோட்டை–தண்டையார்பேட்டை, பெரம்பூர்–புரசைவாக்கம் ஆகிய இரண்டு தாலுகாவும் அவர் சுற்றிய இடங்கள். அப்போது வடசென்னையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் போலியோ கால் ஒன்று கண்ணில் படும். தமிழ்நாட்டில் கடைசி போலியோ பாதிப்பு 2004இல்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம், காசிமேடு, கொடுங்கையூர் என்று அம்மாக்கள் இடுப்பில் பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வருவார்கள். கேலிப்பரும் செயற்கைக் காலும் செய்வதற்கு கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போக வேண்டும். நகரத்தின் அந்தக் கோடிக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி. அளவெடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். மூன்று நாள் கூலி போகும். முதல் நாளோடு நின்றுபோனவர்கள் நிறையப் பேர். அளவெடுக்கும் ஆட்களை மாநகராட்சிப் பள்ளி முகாமுக்கே வரவழைக்க வேண்டும் என்று அவர் எழுதிய கடிதங்களின் நகல் டைரிக்குள் மடித்து வைத்திருந்தது. சில முறை நடந்தது.

1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை ஊனம், வேலைவாய்ப்பில் மூன்று சதவீதம். சலுகை எதுவும் கிடைக்க 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும் என்ற வரம்பு. முகாம் என்றால் அதன்பிறகு ஒரே கேள்விதான்: “எவ்ளோ பர்சன்ட் போட்டாங்க?” எலும்பு டாக்டர் மேசை, கண் டாக்டர் மேசை, காது மூக்கு தொண்டை மேசை, மனநல மேசை. கடைசி மேசையில் இவர். டாக்டர் போட்ட எண்ணைப் பார்த்து அடையாள அட்டைப் புத்தகம் கொடுப்பார், அல்லது கொடுக்க மாட்டார்.

தண்டையார்பேட்டையில் ஒரு முகாமில் இளைஞர் ஒருவர் வந்தார். மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் கை சிக்கியவர். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மிச்சத்தை அறுவைச் சிகிச்சையில் காப்பாற்றியிருந்தார்கள். டாக்டர் போட்ட எண் நாற்பதைத் தொடவில்லை. பட்டறையில் வேலை போய்விட்டது, பெட்டிக்கடை வைக்க வங்கிக் கடன் மானியம் வேண்டும் என்று கேட்டார். அட்டை இல்லாமல் மானியம் இல்லை. நான்தான் அவரை முகாமுக்கு அழைத்துப் போனவள். கடைசி மேசையில் நின்று கத்தினேன். “அந்தக் கையால ஸ்பேனர் புடிக்க முடியாது சார். அது எத்தன பர்சன்ட்டா இருந்தா உங்களுக்கென்ன?” அவர் குரலை உயர்த்தவில்லை. “டாக்டர் போட்டது அது. நான் மாத்த முடியாதும்மா. அடுத்த ஆள வரச் சொல்லுங்க.”

விதிப்படி அவர் சொன்னது சரி. அன்று அவரை நான் மன்னிக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அங்கே இருந்த மற்ற காப்பகங்கள் மூடப்பட்டு, மீட்கப்பட்டவர்களில் பலர் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மாநிலம் முழுக்க காப்பகங்களைப் பார்வையிடும் வேலை பல துறைகளுக்கும் வந்தது, இவருக்கும் வந்தது. அந்த வாரத்து டைரியில் ஒரு வரி: ‘ஒவ்வொரு இடத்திலும் பதிவேடு இருந்தது. அரிசி எவ்வளவு, பாய் எத்தனை என்று இருந்தது. சங்கிலி எத்தனை என்று ஒன்றிலும் இல்லை.’ பிற்காலத்தில் அவர் எங்கே போனாலும் முதலில் பதிவேட்டைக் கேட்டதற்கு இந்த வாரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிறைத்துறைக்கு

அயற்பணியில் சிறை நல அலுவலராகப் போகச் சொல்லி ஆணை வந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். 1837இல் கட்டிய சென்னை மத்தியச் சிறையை 2006இல் காலி செய்து கைதிகளைப் புழலுக்கு மாற்றி, 2009இல் பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்த சமயம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்தவரை மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, போகும் குடும்பம் நடந்தே போய்விடும். புழல் என்றானதும் ராயபுரத்துப் பெண்கள் செங்குன்றம் பஸ்ஸுக்கு அதிகாலையில் நிற்கத் தொடங்கினார்கள். இவர் பணியாற்றியது மூன்று சிறைகளில். நல அலுவலரின் வேலை என்று தாளில் இருந்தவை: குடும்பத்துக்குக் கடிதம், மனுக்கள், சாதாரண விடுப்புக்கும் அவசர கால விடுப்புக்கும் விசாரணை, விடுதலையாகப் போகிறவருக்கு வழி. மாற்றுத்திறனாளி என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

இனி கேலிப்பருக்கு வருகிறேன். அதன் சொந்தக்காரரை ‘தம்பி’ என்று குறிப்பிடுகிறேன், அலுவலர் அப்படித்தான் கூப்பிட்டார். வியாசர்பாடியில் செல்போன் பழுதுபார்க்கும் சின்னக் கடை. பழைய போன் ஒன்றை வாங்கியதில், அது பக்கத்து மாவட்டத்தில் திருடு போனது என்று தெரியவந்து, திருட்டுப் பொருளை வாங்கியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவில் வழக்கு. குற்றம் நிரூபணமானால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அங்குள்ள ஒரு சிறையில் ரிமாண்ட் செய்தார்கள். ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஷூரிட்டி கேட்டார்கள். இட்லிக்கடை அம்மாவுக்கு எங்கிருந்து சொத்துப் பத்திரத்தோடு இரண்டு பேர் கிடைப்பார்கள்? உள்ளேயே இருந்தார்.

கேலிப்பரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலின் இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி, தொடையில் தோல் பட்டை, கீழே பூட்ஸ். முழங்கால் இருக்கும் இடத்தில் ஒரு வளையம். எழுந்து நின்றால் வளையம் கீழே விழுந்து கம்பி பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் விரலால் அதை மேலே தூக்க வேண்டும். அந்தப் பூட்டுதான் கால். அது இல்லாமல் போனால் சிலர் தொடையில் கையை ஊன்றி, உடம்பை முன்னால் வளைத்து நடப்பார்கள். தம்பிக்கு அதுவும் முடியாது. பிட்டத்தால் நகர்ந்தார். ஈரத் தரை, குந்தி உட்காரும் கழிப்பிடம். தரையில் நகர்கிறவருக்கு அந்தக் கழிப்பிடம் என்ன என்பதை நான் விவரிக்கப்போவதில்லை. நான்கே நாளில் உள்ளங்கையும் முட்டியும் புண்ணாகிவிட்டன. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு அலுவலரிடம் சொன்னது: “சாப்ட்டா போணும்லங்கய்யா.”

மனு பார்த்துவிட்டு வந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். “கால கயட்டி வச்சிக்கினாங்கம்மா. பிள்ள தரையில தேச்சிக்கினே வரான்.” நான் அலுவலருக்கு போன் போட்டேன். அவர் அன்று காலையே பதிவேட்டைப் பார்த்து, ஆளையும் பார்த்துவிட்டிருந்தார்.

அவ்வளவு சுலபமாகத் திருப்பிக் கிடைக்கவில்லை. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் நியாயமாகவே கேட்டார்: இரண்டு எஃகுக் கம்பி, நூறு பேர் இருக்கும் பிளாக், ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது? அலுவலர் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். கேலிப்பரைப் படமாக வரைந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் போட்டு, கம்பி எப்படித் தோலோடும் பூட்ஸோடும் இறுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டி, கீழே எழுதினார்: ‘இதை ஆயுதமாக்க வேண்டுமென்றால் காலிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றினால் இவரால் நிற்க முடியாது.’ சிறை மருத்துவரிடம் எழுத்துப்பூர்வமான பரிந்துரை வாங்கினார். ஒன்பதாம் நாள் கேலிப்பர் வந்தது, ஒரு நிபந்தனையோடு: மாலை லாக்-அப்புக்கு முன் ஒப்படைத்துவிட வேண்டும். ஆக, பகலில் நடந்தார், இரவில் தரையில் நகர்ந்தார். இரவிலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக இன்னும் மூன்று வாரம். அதற்குள் வேறொரு தொண்டு நண்பர் மூலம் ஷூரிட்டி கிடைத்துவிட்டது. இரவுக்கான அனுமதி தம்பிக்குப் பயன்பட்டது இரண்டே நாள். ஆனால் கோப்பில் ஒரு முன்மாதிரியாக அது நின்றது, அடுத்து வந்தவருக்கு நான்கு நாளிலேயே கிடைத்தது.

பொருட்களிலிருந்து ஆட்களுக்கு

தம்பி போன பிறகு அலுவலர் செய்ததுதான் இந்தப் பணிக்காலத்திலேயே பெரிய காரியம் என்று நான் கருதுகிறேன். சிறையில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. சாதி இருந்தது, மதம் இருந்தது, வயது, படிப்பு, உடலில் உள்ள மச்சம்கூட இருந்தது. இந்தக் கணக்கு மட்டும் இல்லை. அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வருடத்து உடைமைப் பதிவேட்டை வரி வரியாகப் படித்தார். ‘காது மெஷின் – 1.’ ‘கறுப்புக் கண்ணாடி – 1, மடக்குக் குச்சி – 1.’ ‘பிளாஸ்டிக் கால் – 1.’ ‘கழுத்துப் பட்டை.’ ‘ரப்பர் பை, குழாயுடன்.’ சிறுநீர்ப் பை அது. சிறை எண்ணாமல் விட்ட கணக்கு வாசலில் பறித்து வைத்த பொருட்களில் இருந்தது. ஒவ்வொரு பொருளிலிருந்தும் அதன் ஆளைத் தேடிப் போனார். பலர் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார்கள்.

அந்தப் பட்டியலிலிருந்து அரைப் பக்கத்துக்கு ஒரு படிவம் தயாரித்தார். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள். நடக்க, பார்க்க, கேட்க, பேச, புரிந்துகொள்ள, இதில் எதில் சிரமம்? எந்தப் பொருள் இல்லாவிட்டால் உன்னால் ஒரு நாளைக் கழிக்க முடியாது? குந்தி உட்கார முடியுமா? இரவில் துணையில்லாமல் எழ முடியுமா?

சதவீதம் கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. இருபது வருடம் சதவீதத்தைப் பார்த்து வேலை செய்தவர் தயாரித்த படிவம் என்பதால் எனக்கு அது வியப்பாக இருந்தது. கேட்டேன். “பர்சன்ட் எதுக்கு? உள்ள இருக்கிற பொருள் கொஞ்சம், ஆளு நெறைய, யாருக்குக் குடுக்கிறதுன்னு பிரிக்கிறதுக்குத்தானே அது? இங்க யாருக்கும் எதுவும் புதுசா குடுக்கல. அவங்ககிட்ட இருந்தத திருப்பிக் குடுக்கிறோம்.”

அந்தப் படிவம் வழியாகத் தெரிந்தவர்களில் ஒருவர் காசிமேட்டு மீனவர், பிறவியிலேயே காது கேளாதவர். அதுவரை அவர் பெயரில் இருந்த குறிப்பு ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’. மாலை எண்ணிக்கை எடுக்கும்போது பெயர் கூப்பிட்டால் எழுவதில்லை. பின்னாலிருந்து தோளைத் தொட்டால் திமிறிவிடுவார். அதற்காக இரண்டு முறை வீட்டாரைப் பார்க்கும் மனு ரத்தாகியிருந்தது. அலுவலர் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவரை வரவழைத்தார். அது முழுதாக உதவவில்லை. பள்ளிக்கூடமே போகாதவர், அவருக்குத் தெரிந்தது வீட்டுக்குள் அக்காவும் அவரும் சேர்ந்து உருவாக்கிக்கொண்ட சைகைகள். அக்காவை வரவழைத்து, ஆசிரியரோடு சேர்த்து உட்கார வைத்து, அக்கா வழியாக ஆசிரியர், ஆசிரியர் வழியாக அலுவலர் என்று இரண்டு படி தாண்டித்தான் அவர் சொன்னது வந்தது. பேச முடியாதவர் எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் சொல்லலாம் என்று சாட்சியச் சட்டம் முன்பு 119ஆம் பிரிவிலும் இப்போது புதிய சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் சொல்கிறது. சொந்தச் சைகை மட்டுமே உள்ளவரிடம் அந்தப் பிரிவை நிறைவேற்ற ஒரு அக்கா வேண்டும். வழக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுதவில்லை. எண்ணிக்கை நேரத்தில் அவருக்கு எதிரே போய் நின்று கையைக் காட்ட வேண்டும் என்ற உத்தரவு மட்டும் மறுநாளே வந்துவிட்டது. ஒரு காசு செலவில்லை.

செலவுள்ள இடத்தில் தோற்றார். மருத்துவப் பிளாக்குக்கு ஒன்றரை அடி உயரப் படி. சாய்தளத்துக்கான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும். முற்றத்தில் இடம் இருந்தது ஏழு அடி. வளைத்துக் கட்டலாம் என்று இவர் வரைந்து கொடுத்தார். கட்டி முடித்தபோது அது ஏழடியில் நேராக ஏறியது. சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும், இறக்கும்போது நாற்காலியோடு ஆளும் உருள்வார். தகவல் பலகையில் ‘சாய்தள வசதி உள்ளது’ என்று எழுதினார்கள். அதை இடித்துக் கட்டச் சொல்லி அவர் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. மேலைக் கழிப்பறை ஒன்று கட்டினார்கள், பூட்டி வைத்தார்கள். சாவி வாங்க இவர் நேரில் போக வேண்டியிருந்தது.

மருத்துவமனைக்கு அனுப்புவது இன்னொரு போராட்டம். வெளி மருத்துவமனைக்குக் கைதியைக் கொண்டுபோக ஆயுதப்படைக் காவலர் துணை வேண்டும். அவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டால் அப்பாயின்ட்மென்ட் போய்விடும், அடுத்தது ஒரு மாதம் தள்ளி. போகிற வழியில் விலங்கு. வழக்கமாக விலங்கு மாட்டக்கூடாது, காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 1980லேயே பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஊன்றுகோலில் நடப்பவரின் ஒரு கையைக் காவலரின் கையோடு பிணைத்தால் அவர் எப்படி நடப்பார்? இதை அலுவலர் வாதாடவில்லை. ஒரு காவலரிடம் ஊன்றுகோலைக் கொடுத்து, “நீங்க ஒரு கையால நடந்து காட்டுங்க தம்பி” என்றார். அந்தக் காவலர் நாலடி நடந்துவிட்டு விலங்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

வலது கை

சில வருடம் கழித்து, வேறொரு சிறை. கடுங்காவல் தண்டனை பெற்ற ஒருவரைப் பற்றிப் புகார்: தறியில் உட்கார மறுக்கிறார், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார். படிவம் அவருக்கும் நிரப்பியிருந்தது. நடக்கிறார், பார்க்கிறார், கேட்கிறார், பேசுகிறார். எல்லாவற்றுக்கும் ‘சிரமம் இல்லை’. அலுவலர் எதிரே வந்து நின்றபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, உங்கள எனக்குத் தெரியும். தண்டையார்பேட்ட ஸ்கூல்ல, கடைசி டேபிள்ல நீங்கதான் இருந்தீங்க. கார்டு இல்லன்னு சொன்னீங்க.”

கையை முன்னால் கொண்டுவந்தார். மூன்று விரல் இல்லாத கை.

அட்டை கிடைத்திருந்தால் அவர் சிறைக்கு வந்திருக்க மாட்டார் என்று நான் எழுத முடியாது. அப்படி எழுதினால் அது பொய். பெட்டிக்கடை வைத்தவர்களும் சிறைக்கு வருகிறார்கள். ஒரு திருட்டு வழக்குக்கும் ஒரு முகாமுக்கும் நடுவில் எத்தனையோ வருடங்கள், எத்தனையோ ஆட்கள், குடி, கடன். இருந்தாலும் அன்று இரவு டைரியில் தேதிக்குக் கீழே அலுவலர் எழுதியது: ‘என் படிவத்திலும் இவர் இல்லை.’ அதுதான் அவரைத் தாக்கியது என்று பின்னால் சொன்னார். முகாமில் விதி அவரைத் தள்ளியது. அதற்கு விதியைக் காரணம் காட்டலாம். படிவத்தை எழுதியது இவரே. சதவீதம் வேண்டாம் என்று துணிந்து விட்டவருக்கு, பிடிக்க முடியாத கை ஒன்று உண்டு என்பது ஞாபகம் வரவில்லை, அதுவும் ஒரு முறை அந்தக் கையை நேரில் பார்த்திருந்தும்.

மறுநாள் முதல் கேள்வியில் ‘பேச’ என்பதற்குப் பக்கத்தில் ‘கையால் பிடிக்க’ என்று சேர்த்தார். மூலப் படிவம் என்னிடம் இருக்கிறது. மற்றதெல்லாம் கறுப்பு மை, அந்த இரண்டு சொல் மட்டும் நீலம். அவரைத் தறியிலிருந்து எடுத்து நூலகத்துக்கு மாற்றினார்கள், கூலி கெடாமல்.

சட்டம் பிறகு வந்து சேர்ந்த இடம்

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சலுகை வேறு, உரிமை வேறு என்ற வேறுபாட்டைத் தெளிவாகவே செய்கிறது. ஊனங்கள் ஏழிலிருந்து 21 ஆயின. வேலை ஒதுக்கீடு நான்கு சதவீதம். நாற்பது சதவீத வரம்பு ஒதுக்கீட்டுக்கும் சில சலுகைகளுக்கும் தொடர்கிறது. ஆனால் பாகுபாடு காட்டக்கூடாது, தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும், நீதி கிடைக்க வழி வேண்டும் என்பவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. நீண்டகாலக் குறைபாடும், அதனால் சமூகத்தில் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்க முடியாத தடையும் இருந்தால் போதும். நலத்துறையில் இருக்கும் பலரே இதைக் கவனிப்பதில்லை. கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளின் 5ஆவது விதியும் சிறை நிர்வாகம் இந்த மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்கிறது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இலவச சட்ட உதவி தருகிறது, வருமானம் பார்க்காமல். இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் இருப்பதை அலுவலர் கைதிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

2019இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். படிவமும் அதோடு நின்றது. அரசாணை கிடையாது, சுற்றறிக்கை கிடையாது. அவர் நகலெடுத்து வைத்திருந்த கட்டு தீர்ந்ததும் தீர்ந்தது. இதை அவருடைய குறை என்றே பதிவு செய்கிறேன். மேலதிகாரிகளிடம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். “கேட்டா நிறுத்திடுவாங்கன்னு பயந்தேன்” என்றார். பெண்கள் சிறைக்கு அவர் இதைக் கொண்டுபோகவே இல்லை. மனநலப் பாதிப்பு உள்ளவர்களை மருத்துவர் பொறுப்பு என்று ஒதுக்கினார். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையிலாவது மனநல மருத்துவப் பிரிவு வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொன்ன பிறகும், ஏர்வாடியைப் பார்த்தவர் இந்த விஷயத்தில் இன்னும் அழுத்தியிருக்கலாம்.

2020 நவம்பரில், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, சிறையில் பார்க்கின்சன் நோயில் கை நடுங்க, உறிஞ்சு குவளையும் குழலும் கேட்டு நீதிமன்றம் போனார். அப்போது அவருக்கு 83 வயது. செய்தியைப் படித்துவிட்டு அலுவலர் என்னை போனில் கூப்பிட்டார். அரை நிமிடம் எதுவும் பேசவில்லை. “ரெண்டாவது கேள்வி” என்றார். எந்தப் பொருள் இல்லாவிட்டால் உன்னால் ஒரு நாளைக் கழிக்க முடியாது? 2021 ஜூலை 5 அன்று ஸ்டான் சுவாமி காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார்.

2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். தசைச் சிதைவு நோயுள்ள வழக்கறிஞர் ஒருவர் கோவை மத்தியச் சிறையில் இருந்தபோது தனக்கு வசதிகள் மறுக்கப்பட்டதாகத் தொடர்ந்த வழக்கு. உயர் நீதிமன்றம் வழங்கிய ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அப்படியே விட்டது. விரும்பிய உணவைக் கேட்பது உரிமை ஆகாது என்றும் சொன்னது. அதோடு நிற்காமல் மாநிலத்தின் எல்லாச் சிறைகளுக்கும் உத்தரவுகள் போட்டது: சேர்க்கையின்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காண வேண்டும், கழிப்பறையும் சாய்தளமும் வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும், சிறைக் கையேட்டைத் திருத்த வேண்டும், ஆறு மாதத்துக்குள் எல்லாச் சிறைகளிலும் அணுகல் தணிக்கை நடக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக் கைதிகளின் தனிக் கணக்கு தேசிய அளவிலும் இல்லாததையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

தீர்ப்பை அச்செடுத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பென்சில் கேட்டு வாங்கி, ‘சேர்க்கையின்போதே’ என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டார். பிறகு என் பையைப் பார்த்து, “அவரோட ஃபாரம் கொண்டாந்தீங்களா?” என்றார்.

மூன்று விரல் இல்லாதவர் விடுதலையாகி மூலக்கடைப் பக்கம் இருக்கிறார். மருத்துவர்கள் அளக்கும் வழிகாட்டிகள் 2018இலும் 2024இலும் மாறிவிட்டதால் அடையாள அட்டைக்கு மறுபடி போடுவோம் என்று முடிவு செய்திருந்தோம். அன்று மாலை அவரும் வந்தார். அலுவலர் தன் கையால் விண்ணப்பத்தை நிரப்பினார். பெயர், முகவரி, குறைபாடு. அடுத்து, இதற்கு முன் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது உண்டா என்ற கேள்வி. ஆம். எந்த அலுவலரிடம், எந்த மாவட்டத்தில்? சென்னை என்று எழுதி, அலுவலர் என்ற இடத்தில் தன் பழைய பதவியை எழுதினார். முடிவு என்ன? ‘நிராகரிக்கப்பட்டது.’

கையெழுத்துப் போட அவர் குனிந்தார். பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டால் தாள் நகர்ந்தது. அலுவலர் தன் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்து, அவர் எழுதி முடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.